லண்டன் வார்டுக்குப் போகிற தங்கச்சிக்கு

லண்டனில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது என்று யாராவது வந்து சொன்னால், நான் முதலில் கேட்பது எந்த வார்டு என்றுதான். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்வார்கள், சம்பளத்தைச் சொல்வார்கள். வார்டை மட்டும் கேட்டிருக்கவே மாட்டார்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ, ஆர்டரை ரத்து செய்துவிடுவார்களோ என்று ஒரு பயம். நீயும் கேட்கவில்லை என்கிறாய். சரி, டீயைக் குடி, நிதானமாகப் பேசுவோம். குளிர், சாப்பாடு, விமானத்தில் எத்தனை கிலோ என்பதெல்லாம் ஊரே உனக்குச் சொல்லிவிடும். யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அந்த ஊர் வார்டில் வாயை மூடிக்கொண்டு நல்ல பெயர் வாங்க முடியாது. இங்கே நம்மை அடக்கமான பிள்ளை என்று பாராட்ட வைத்த அதே குணம் அங்கே நோயாளிக்கு ஆபத்தாகிவிடும்.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார். வாரத்துக்கு 37.5 மணி நேரம் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். படிக்க லேசாகத்தான் தெரியும். ஆனால் அதை ‘லாங் டே’ என்ற நீண்ட டியூட்டிகளாக வெட்டித் தருவார்கள். காலை ஏழரைக்கு ஹேண்டோவர், இரவு எட்டு மணி வாக்கில் அடுத்தவரிடம் ஒப்படைப்பு. நடுவில் ஒரு மணி நேர இடைவேளைக்குச் சம்பளம் கிடையாது. அதனால் ஒரு டியூட்டி பதினொன்றரை மணி நேரக் கணக்கு. வாரம் மூன்று டியூட்டி, பாக்கி நேரத்தை ஈடுகட்ட மாதத்தில் ஒன்று கூடுதல். நைட் டியூட்டியும் இதே அளவுதான். நாலு நாள் லீவு என்று கேட்கிறவர்களுக்கு இனிக்கும். அதில் முதல் நாள் தூங்கவே போய்விடும் என்பது போனபிறகுதான் தெரியும்.

எனக்குத் தெரிந்து போன பிள்ளைகளில் நிறையப் பேருக்கு முதலில் கிடைத்தது முதியோர் வார்டோ பொது மருத்துவ வார்டோதான். இங்கே ஒரு கட்டிலுக்கு ஓர் அட்டெண்டர் இருப்பார். அம்மாவோ அண்ணனோ பக்கத்திலேயே பாய் விரித்துக் கிடப்பார்கள். கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு, மிச்சத்துக்கு ஆயாம்மா இருப்பார். அங்கே பார்வை நேரம் முடிந்தால் உறவினர் கிளம்பிவிடுவார். பார்க்க வர ஆளே இல்லாத கிழவர்களும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்து, ஞாபகமும் தடுமாறிக் கிடக்கிற எண்பத்தைந்து வயசுப் பாட்டியைக் குளிப்பாட்டித் துடைத்து, பல் செட்டைக் கழுவி மாட்டி, கஞ்சி புரையேறாமல் ஊட்டி முடிப்பது நர்ஸின் வேலை. ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் இருப்பார். ஆனால் அவர் இரண்டு பக்கத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பார்.

பி.எஸ்சி. நர்சிங் படித்தது இதற்கா என்று முதல் மாதத்தில் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். என் எண்ணம் வேறு. அந்தக் காலைக் குளியலில்தான் நர்ஸ் தன் நோயாளியை முழுதாகப் பார்க்கிறாள். குதிகாலும் இடுப்பின் பின்புறமும் சிவந்திருக்கிறதா, படுக்கைப்புண் தொடங்குகிறதா, நேற்று கையைத் தூக்கியவர் இன்று ஏன் தூக்கவில்லை, தண்ணீரை விழுங்கும்போது ஏன் இருமுகிறார் என்று கவனிக்க அந்த அரை மணி நேரத்தை விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது. அந்த வேலையைத் தாழ்வாக நினைத்துக்கொண்டு போகாதே.

இன்னொரு அடி கௌரவத்தில் விழும். இங்கே ஐ.சி.யு.வில் ஐந்து வருஷம் இருந்தவளாகவே இரு. அங்கே போனதும் ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வை எழுதி ஜெயிக்க வேண்டும். பத்து நிலையங்கள். நோயாளியை மதிப்பிடுவது, திட்டமிடுவது, செய்வது, திரும்ப மதிப்பிடுவது என்று நாலு. கைத்திறன் நாலு. தொழில் நெறி பற்றியும் ஆய்வுச் சான்று பற்றியும் எழுதிக் காட்டுவது இரண்டு. அது முடிந்து என்எம்சி என்ற நர்சிங் கவுன்சில் பதிவு எண் தரும். அதை ‘பின்’ என்பார்கள். அதுவரை பல ஆஸ்பத்திரிகளில் ஒரு படி கீழான சம்பளம்தான். பின் வந்தாலும் பேண்ட் 5, அதாவது நேற்று படிப்பை முடித்த உள்ளூர்ப் பிள்ளையின் அதே படி. ஊசி ஏற்றுவதில் கை தேர்ந்தவளாக இருந்தாலும், அந்த ஆஸ்பத்திரி உன்னைச் சோதித்துக் கையெழுத்துப் போடும்வரை ஐ.வி. மருந்தைத் தொட விட மாட்டார்கள். இதை அவமானமாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடாதே. வார்டு மேனேஜரிடம் போய், எனக்கு இந்தப் பயிற்சிக்குத் தேதி வேண்டும் என்று கேள். கேட்டவளுக்குச் சீக்கிரம் தேதி கிடைக்கும், காத்திருந்தவளை யாருக்கும் நினைவிருக்காது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நியூஸ்-2 என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்தியது. மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறதா இல்லையா, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சுயநினைவு, காய்ச்சல் ஆகிய ஏழையும் அளந்து ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போட வேண்டும். நிமிடத்துக்கு 25 மூச்சோ அதற்கு மேலோ போனால் அது ஒன்றுக்கே மூன்று. கூட்டுத்தொகை ஐந்தைத் தொட்டால் டாக்டரை அவசரமாக அழைக்க வேண்டும், மணிக்கு ஒரு தடவையாவது திரும்ப அளக்க வேண்டும். ஏழானால் அவசரச் சிகிச்சை பார்க்கிற குழுவே வர வேண்டும். அழைக்க வேண்டியது யார்? நீதான். சீனியரிடம் சொல்லி, அவர் சிஸ்டரிடம் சொல்லி, சிஸ்டர் டியூட்டி டாக்டரிடம் சொல்கிற வரிசை அங்கே கிடையாது. ராத்திரி மூன்று மணிக்கு உன் நோயாளிக்கு எண் ஏறினால் போனை எடுக்க வேண்டியது உன் கைதான்.

எடுத்து என்ன பேசுவது என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நாலு படி. முதலில் இப்போது என்ன நிலைமை, அடுத்து நோயாளியின் பின்னணி, மூன்றாவது என்ன ஆகியிருக்கும் என்று நீ நினைக்கிறாய், நாலாவது டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்று நீ கேட்கிறாய். நம் பிள்ளைகள் முதல் இரண்டையும் அழகாகச் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில் குரல் இறங்கும். நாலாவது வரவே வராது. டாக்டர் முடிவு செய்யட்டும் என்று நின்றுவிடுவார்கள். டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும் என்றுதானே நம்மை வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் டாக்டர் வேறு மாடியில் வேறு நோயாளியோடு நிற்கிறார். உன் நோயாளியைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பது நீ ஒருத்திதான். ‘இவருக்கு ரத்தத்தில் கிருமி பரவியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம், கால் மணி நேரத்துக்குள் நீங்கள் வந்து பார்க்க வேண்டும்’ என்று நீ சொன்னால்தான் அவர் எந்தக் கட்டிலுக்கு முதலில் ஓடுவது என்று முடிவெடுக்க முடியும். பல வார்டுகளில் கன்சல்டன்ட்டையே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நமக்கு நாக்கு கூசும். அதை மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதே. ‘சார்’ என்று தொடங்கினால் நாலாவது படிக்கு வாய் வராது என்பது நான் கண்ட உண்மை.

இந்தப் பழக்கம் அவர்களுக்கும் சும்மா வரவில்லை, உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். ஸ்டாஃபர்டு என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் 2005 முதல் 2009 வரை நடந்த கவனக்குறைவு பற்றி ராபர்ட் ஃப்ரான்சிஸ் தலைமையில் விசாரணை நடந்து 2013-இல் அறிக்கை வந்தது. தண்ணீர் கொடுக்க ஆளில்லாமலும், அழுக்கான படுக்கையிலும் நோயாளிகள் கிடந்திருக்கிறார்கள். அங்கே அவசரப் பிரிவில் இருந்த ஹெலீன் டானலி என்ற நர்ஸ் திரும்பத் திரும்ப எழுதிக் கொடுத்தார், யாரும் காதில் வாங்கவில்லை. பின்னால் அவருக்கு அரசு விருதே கொடுத்தது. அதே ஃப்ரான்சிஸ் 2015-இல் கொடுத்த இன்னொரு அறிக்கைக்குப் பிறகு, ஊழியர்கள் பயமில்லாமல் குறை சொல்ல ஒவ்வோர் ஆஸ்பத்திரி நிர்வாகத்திலும் ‘ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன்’ என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். மார்த்தா மில்ஸ் என்ற பதின்மூன்று வயசுப் பெண் சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, கிருமித் தொற்று முற்றி 2021-இல் லண்டனில் இறந்துபோனாள். பெற்றோர் கவலையைச் சொல்லியும் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. 2024 முதல் இங்கிலாந்தில் அவள் பெயராலேயே ஒரு விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று தோன்றினால் குடும்பத்தாரும் சரி, ஊழியரும் சரி, எந்த நேரத்திலும் வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை வந்து பார்க்கச் சொல்லலாம். பேட்ஜில் உன் பெயர் வந்த நாளிலிருந்து அந்த உரிமை உனக்கும் உண்டு.

தப்பு நடந்தாலும் இதே கதைதான். மருந்து மாறிப் போனது, நோயாளி வழுக்கி விழுந்தார் என்றால் கணினியில் பதிவு செய்ய வேண்டும். பல இடங்களில் அதை ‘டேட்டிக்ஸ்’ என்பார்கள். நம் ஊரில் எழுதிக் கொடுத்தால் மெமோ வரும் என்று பயந்து மறைக்கத் தோன்றும். அங்கே மறைத்ததுதான் உன் பதிவு எண்ணுக்கே வில்லங்கமாகும். உடனே சொல்லிவிடு. நோயாளியிடமும் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம்.

உன் மேல் நடக்கிற தவறையும் அதே கணினியில் எழுது. என்னைத் தொடாதே, வெள்ளைக்கார நர்ஸை அனுப்பு என்று சொல்கிற நோயாளிகள் உண்டு. ஞாபகம் தவறியவர் சொன்னால் பொறுத்துக்கொண்டு மறுபடி போகலாம். தெளிவாக இருக்கிறவர் சொன்னால் சார்ஜ் நர்ஸிடம் அந்த நிமிடமே சொல். நான் பார்த்த வரையில், பக்கத்தில் நிற்கிற ஃபிலிப்பைன்ஸ் அக்காவோ கானா நாட்டுக்காரரோ முதலில் உனக்காகப் பேசுவார். வெளிநாட்டுக்காரர்கள் இல்லாமல் அந்த ஊர் ஆஸ்பத்திரிகள் ஒரு நாளும் நகராது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி, சோதனைகளுக்கு வெளியே உலகின் முதல் ஃபைசர் கோவிட் தடுப்பூசியைக் கவன்ட்ரியில் போட்டவர் ஃபிலிப்பைன்ஸில் பிறந்த மே பார்சன்ஸ். அந்த ஆண்டு ஏப்ரலில் அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியபோது, இரவு பகலாகக் கூடவே இருந்தவர்கள் என்று அவரே பெயர் சொன்ன இரண்டு நர்ஸ்களில் ஒருவர் நியூசிலாந்து, இன்னொருவர் போர்ச்சுகல்.

உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிசம்பரில் லண்டனில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும், மாலை நாலுக்குள் போய்விடும். லாங் டே போட்டால் இருட்டில் போய் இருட்டில் வருவாய். மூன்று நாள் அடுத்தடுத்து டியூட்டி என்றால் மூன்று நாளும் வெயிலே கண்ணில் படாது. காரணம் தெரியாமல் மனசு கனக்கும், கை கால் வலிக்கும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லாரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்நாட்டு அரசின் அறிவுரை. நம்மைப்போல் கருத்த தோல்காரர்கள் வருஷம் முழுக்கவும் எடுக்கலாம் என்கிறார்கள். விலை ஒன்றும் பெரிசில்லை. அங்கே போய்ச் சேர்ந்த வாரமே வாங்கிவிடு.

அம்மாவிடம் பேசுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம், கோடையில் நாலரை. பகல் டியூட்டி முடிந்து நீ போனை எடுக்கும்போது இங்கே ராத்திரி ஒன்றரை மணி. அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் உனக்காகத் தூங்காமல் இருப்பாள். நைட் முடிந்து காலை எட்டுக்கு வெளியே வந்தால் இங்கே மதியம் ஒன்றரை, சாப்பாட்டு நேரம். அதனால் நைட் டியூட்டி வாரத்தில்தான் வீட்டோடு நிம்மதியாகப் பேச முடியும். இதைப் போகும் முன்பே அம்மாவுக்குச் சொல்லிவை, போன் வரவில்லையே என்று பதறமாட்டாள். எல்லாம் நல்லா இருக்கு என்று மட்டும் தினம் சொல்லிக்கொண்டிருக்காதே. அழுகை வந்த நாளில் அழுதேன் என்று ஒரே ஒருவரிடமாவது சொல்.

பணக் கணக்கு. 2025-26 நிலவரப்படி பேண்ட் 5 தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 31,000 பவுண்டு. லண்டனின் உள்வட்டத்தில் வேலை என்றால் அதன் மேல் 20 சதவீதம் கூடுதல், ஆக 37,000 சொச்சம். ரூபாயாக்கிப் பார்த்து மயங்காதே. வரியும் தேசியக் காப்பீடும் பென்ஷன் சந்தாவும் போக மாதம் 2,300 பவுண்டுக்குள் கைக்கு வரும். நாலு பேரோடு பங்குபோட்ட வீட்டில் ஓர் அறைக்கு 800 முதல் 1,000 வரை போய்விடும். ரயில், பஸ்ஸுக்குச் சுமார் 200. வார நாள் ராத்திரிக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதமும், ஞாயிறுக்கு 60 சதவீதமும் கூடுதலாகத் தருவார்கள். மீதம் பிடிக்க அதுதான் வழி. வாடகை அட்வான்ஸ் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2019-இல் சட்டம் வந்துவிட்டது. வாங்கிய பணத்தை முப்பது நாளுக்குள் அரசு ஏற்ற பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வீட்டுக்காரர் போட வேண்டும். எந்தத் திட்டம் என்று கேட்டு வாங்கிக்கொள். நம் ஆள்தானே என்று தமிழ் வீட்டுக்காரரிடம் கேட்காமல் விடுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

பென்ஷன் சந்தாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாதம் முன்னூறு பவுண்டு பிடிக்கிறார்களே, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் கைக்குக் கூட வருமே என்று கூட இருக்கிறவர்கள் சொல்வார்கள். கடன் நெருக்கும்போது அது நல்ல யோசனையாகத்தான் தெரியும். உன் பங்கு போக, உன் பெயரில் வேலை கொடுப்பவர் தரப்பிலிருந்து சம்பளத்தில் 23.7 சதவீதம் போகிறது. விலகினால் அதுவும் போச்சு. பணியில் இருக்கும்போது உயிருக்கு ஏதாவது ஆனால் இரண்டு வருஷச் சம்பளத்துக்குச் சமமான தொகை குடும்பத்துக்கு வருகிற பாதுகாப்பும் போச்சு. இரண்டு ஆண்டு ஆகும் முன் ஊர் திரும்பினால் உன் பங்கைத் திரும்பக் கேட்கலாம். அதற்கு மேல் இருந்தால், பின்னால் எந்த நாட்டில் இருந்தாலும் வயசான காலத்தில் அந்தப் பென்ஷன் உனக்கு உண்டு. தயவுசெய்து விலகாதே.

மனிதர்களுக்குக் குறைவில்லை. 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் உருவாக்கிய கடைகளும் கோயில்களும் ஊர் முழுக்க இருக்கின்றன. டூட்டிங்கில் செயின்ட் ஜார்ஜஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரத்தில் முருங்கைக்காய் கிடைக்கும். ஈஸ்ட் ஹாமில் மசால் தோசைக்கு அலைய வேண்டாம். ஆர்ச்வேயில் விட்டிங்டன் ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்துவிட்டு ஹைகேட் முருகன் கோயிலுக்கு நடந்தே போகலாம். ஆனாலும் வாரத்தில் ஒரு நாளாவது வார்டுக்காரர்களோடு வெளியே போ. தமிழ் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டால், நைட் ஹேண்டோவரில் கடகடவென்று பேசுகிற உள்ளூர் ஆங்கிலம் இரண்டு வருஷம் ஆனாலும் பிடிபடாது. ஐஇஎல்டிஎஸ்-இல் ஏழு வாங்கினாலும் அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

கடைசியாக விசா. உன் விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை மாறலாம், ஆனால் புதிய இடம் உனக்கு ஸ்பான்சர்ஷிப் தர வேண்டும். வேலை போய் விசா குறுக்கப்பட்டால் வழக்கமாக அறுபது நாள்தான் அவகாசம். ஐந்து வருஷத்தில் நிரந்தர உரிமை என்பது இதுவரை இருந்த விதி. அதை மாற்றப்போவதாக 2025 மே மாதம் அரசு அறிவித்தது, அந்த ஐந்து வருஷக் கணக்கை நம்பி வீட்டுக்கடன் திட்டம் போடாதே. வெளிநாட்டு நர்ஸ்களை எடுப்பதும் 2024-லிருந்து குறைந்துகொண்டே வருகிறது. இந்த நேரத்தில்தான் ஏஜென்டுகள் வேறு கதை சொல்வார்கள். முதலில் கேர் வொர்க்கராகப் போ, அங்கே போய் நர்ஸாக மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர்களை எடுக்கும் வழியையே மூடிவிட்டார்கள்.

வேலை வாங்கித் தர நர்ஸிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் அரசின் நடத்தை விதி. நம் நாட்டுச் சட்டப்படியும் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் போக ஒரு பைசா கூடுதலாகக் கேட்க முடியாது. பதிவு இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசே 1978 முதல் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. லட்சக்கணக்கில் கேட்கிறவனிடம் போகும் முன் அங்கே ஒரு தடவை போய் வா. ஒப்பந்தத்தில் இத்தனை வருஷத்துக்குள் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கும். எவ்வளவு, எந்த மாதம் எவ்வளவு குறையும், ஆஸ்கியில் மூன்று தடவையும் தோற்றால் என்ன என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்கு. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாள்களோடு வா, ஒரு வரி விடாமல் சேர்ந்து படித்துவிடுவோம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.